பாலிலித்தியோனைட்: இந்த வெளிறிய தகடுகள் உண்மையில் அதுதானா?

பனிமலை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். மொன்றியலில் ஒரு முதிய சேகரிப்பாளர் வீடு மாறுவதற்காகத் தன் பெட்டிகளை விற்றபோது இந்தக் கல் எனக்குக் கிடைத்தது. கூடவே ஓரம் பழுப்பேறிய ஒரு லேபிள்: பாலிலித்தியோனைட், புட்ரெட் குவாரி, மோன் செயின்ட் ஹிலேர், கியூபெக். பாலிலித்தியோனைட் என்பது லித்தியம் கொண்ட ஒரு மைக்கா (காக்காப்பொன்) வகை.

படங்களை இணைத்திருக்கிறேன். ஆனால் கேமரா இதைச் சரியாகப் பிடிக்க மறுக்கிறது, அதனால் எழுதியும் விடுகிறேன். உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறப் பாறைத் துண்டு. ஒரு பக்கம் குழி. குழியின் சுவரெங்கும் வெள்ளை ஆல்பைட். அதன்மேல் அறுகோணத் தகடுகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு கொத்தாக நிற்கின்றன. பெரிய தகடு கட்டைவிரல் நகத்தின் அகலம். நேர்முகமாகப் பார்த்தால் நிறமே இல்லை, முத்துப் போன்ற மினுக்கம் மட்டும். பக்கவாட்டில் திருப்பி ஓரத்தைப் பார்த்தால் மிக மெல்லிய பச்சை. அடியில் இருக்கும் சில சிறு தகடுகளில் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கிறது. தகடுகளுக்கு நடுவே கருமையான ஊசிகள், எகிரின் என்று நினைக்கிறேன்.

லித்தியம் மைக்கா என்றால் ஊதாவாக இருக்கும் என்றுதான் எல்லா இடத்திலும் படித்தேன். இது சாதாரண மைக்காவான மஸ்கோவைட் இல்லை என்று எப்படி உறுதி செய்வது?

ஊதாப்பிரியன்

படத்தைப் பார்த்தேன், மனம் உடைந்தேன். நண்பரே, பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸில் வீர்ஜெம் ட லாபா பக்கத்து லெப்பிடோலைட் என்ற லித்தியம் மைக்காவைப் பார்த்திருக்கிறீர்களா? அடுக்கடுக்காக வளர்ந்த தடித்த ஊதாப் படிகங்கள். பக்கத்தில் டூர்மலின் நின்றால் அலமாரியை விட்டுக் கண் நகராது. உங்களுடையது காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி இருக்கிறது. அரியது என்கிறார்கள், சரி. அரியதெல்லாம் அழகாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை போலும்.

கல்லுளிமங்கன்

ஊதாப்பிரியன், ஊதாவின் மீது உங்களுக்குள்ள காதலில் தலையிட விரும்பவில்லை. ஆனால் அந்த ஊதாவுக்கும் லித்தியத்துக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லை. லித்தியம் அயனி நிறம் தராது. லெப்பிடோலைட்டின் இளஞ்சிவப்பும் ஊதாவும் அதில் சிறிதளவு கலந்திருக்கும் மாங்கனீசின் வேலை. மாங்கனீசு இல்லையென்றால் லித்தியம் நிரம்பி வழிந்தாலும் கல் வெள்ளையாகவே இருக்கும். இரும்பு கூடினால் பழுப்பாகும், கருமையாகும்.

மறுபக்கமும் உண்டு. நியூ மெக்சிகோவின் ஹார்டிங் சுரங்கத்திலிருந்து வரும் இளஞ்சிவப்பு மைக்காவைப் பலர் லெப்பிடோலைட் என்று வாங்கி வைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி மஸ்கோவைட். ஆகவே நிறத்தை வைத்து லித்தியம் மைக்கா என்று சொல்வதும் ஏமாற்றம். நிறமில்லை என்பதால் இல்லை என்று சொல்வதும் ஏமாற்றம்.

பனிமலை, நீங்கள் கல்லைப் பார்க்கிறீர்கள். கல்லின் அண்டை அயலைப் பாருங்கள். மோன் செயின்ட் ஹிலேர் சாதாரண கிரானைட் மலை இல்லை. சிலிக்கா குறைந்து சோடியம் மிகுந்த நெஃபிலின் சையனைட் பாறை, உருகிய நிலையில் பூமிக்குள் புகுந்து இறுகிய ஊடுருவல், ஏறத்தாழ 12 கோடி ஆண்டு வயது. அங்கே நானூறுக்கும் மேற்பட்ட கனிம இனங்கள் பதிவாகியிருக்கின்றன. எகிரின், ஆல்பைட், நாட்ரோலைட், அனல்சைம், செரண்டைட், காட்டாப்ளைட் என்று வரும் அந்தக் குழிகளில் மஸ்கோவைட்டைத் தேடுவது தவறான வீட்டுக் கதவைத் தட்டுவதுதான். எகிரின் ஊசியோடு ஒரே குழியில் வளர்ந்த வெளிறிய அறுகோண மைக்கா என்றால் என் முதல் சந்தேகம் பாலிலித்தியோனைட் மேல்தான் விழும். இரண்டாவது சந்தேகம் டைனியோலைட், மக்னீசியம் கொண்ட இன்னொரு லித்தியம் மைக்கா.

கேள்வி: அந்தக் கறுப்பு ஊசிகள் தகட்டின் மேல் ஒட்டியிருக்கின்றனவா, தகட்டைத் துளைத்துக்கொண்டு போகின்றனவா?

பனிமலை

ஐயா, பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இரண்டும் இருக்கிறது. சில ஊசிகள் மேலே கிடக்கின்றன. பெரிய தகட்டில் ஓர் ஊசி ஒரு முகத்தில் நுழைந்து மறுமுகத்தில் வெளியே வருகிறது. நுழையும் இடத்தில் தகடு விரிசல் விடவில்லை; ஊசியைச் சுற்றி மைக்கா வளர்ந்திருக்கிறது. ஓரத்தில் அடுக்குகள் புத்தகத் தாள்போலப் பிரிந்து நிற்கின்றன, ஒவ்வொரு தாளின் விளிம்பும் அறுகோணத்தின் ஒரே பக்கத்துக்கு இணையாக.

கல்லுளிமங்கன்

அப்படியானால் எகிரின் முந்தியது அல்லது கூடவே வளர்ந்தது. மைக்கா அதே குழியின் பிள்ளைதான். யாரோ பசை வைத்து ஒட்டிய கல் இல்லை. பழைய சேகரிப்புகளில் அதுவும் நடக்கும் என்பதால்தான் கேட்டேன்.

நுண்படிகம்

பனிமலை, இரசாயனப் பக்கத்தை நான் சொல்கிறேன். என் பிழைப்பே எலெக்ட்ரான் நுண்பகுப்பாய்வுக் கருவியோடுதான்; கல்லில் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, வெளிவரும் எக்ஸ் கதிரை வைத்துத் தனிமங்களை அளக்கும் கருவி.

மைக்காவின் நடு அடுக்கில் ஒவ்வொரு வாய்பாட்டு அலகுக்கும் உலோக அணுக்கள் அமரும் மூன்று இடங்கள் (எண்முக இடங்கள்) உண்டு. மஸ்கோவைட்டில் இரண்டில் அலுமினியம் அமரும், மூன்றாவது காலி. லித்தியம் மைக்காக்களில் அந்தக் காலியிடமும் நிரம்புகிறது. பாலிலித்தியோனைட்டில் இரண்டு லித்தியம், ஓர் அலுமினியம். மேலும் கீழும் உள்ள அடுக்குகளில் நான்கும் சிலிக்கன், அலுமினியம் அங்கே நுழையவே இல்லை. அதன் உறவு மைக்காவான டிரைலித்தியோனைட்டில் ஒன்றரை லித்தியம், ஒன்றரை அலுமினியம். சிலிக்கன் மூன்றாகக் குறைகிறது. வாய்பாட்டின்படி கணக்கிட்டால் பாலிலித்தியோனைட்டில் லித்தியம் ஆக்சைடு 7.7 சதவீதத்தை ஒட்டி வரும். டிரைலித்தியோனைட்டில் 5.6. பேட்டரிக்காகத் தோண்டப்படும் ஸ்பொடுமீனிலேயே 8 சதவீதம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது வேடிக்கை. இவ்வளவு லித்தியம் இருந்தும் என் கருவிக்கு அது தெரியாது. லித்தியம் வெளியிடும் எக்ஸ் கதிரின் ஆற்றல் 54 எலெக்ட்ரான் வோல்ட் அளவுதான். வழக்கமான கண்டறிவான் அதைப் பிடிப்பதற்குள் அது உறிஞ்சப்பட்டுவிடும். கையில் பிடிக்கும் எக்ஸ் கதிர்த் துப்பாக்கிக்கும் இதே கதிதான். யாராவது அதை வைத்து "லித்தியம் இருக்கிறது" என்று அச்சிட்ட தாளைக் காட்டினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் சுற்றி வளைத்துத்தான் போகிறோம். பொட்டாசியம், அலுமினியம், சிலிக்கன், புளோரின் ஆகியவற்றை அளந்து, சிலிக்கன் நான்கை நெருங்குகிறதா, அலுமினியம் ஒன்றை நெருங்குகிறதா, மக்னீசியமும் இரும்பும் இல்லாமலிருக்கின்றனவா என்று பார்க்கிறோம். அப்படி வந்தால் மிச்சமிருக்கும் இடங்களில் லித்தியத்தைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது. டைனியோலைட் என்றால் மக்னீசியம் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அதில் இரண்டு இடங்கள் மக்னீசியத்துக்குரியவை. நேரடியாக லித்தியத்தைக் காண வேண்டுமென்றால் லேசர் வழி நிறமாலை முறை நல்லது, 670.8 நானோமீட்டரில் சிவப்புக் கோடு தெளிவாக எழும்.

ஊதாப்பிரியன்

அக்கா, அப்படியென்றால் என் லெப்பிடோலைட்டின் நிலை என்ன? பாலியா, டிரையா?

நுண்படிகம்

இரண்டுக்கும் நடுவில் எங்கோ. 1998-இல் பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் மைக்காக்களின் பெயர்ப் பட்டியலைத் திருத்தியபோது லெப்பிடோலைட் தனி இனம் என்ற தகுதியை இழந்தது. டிரைலித்தியோனைட்டுக்கும் பாலிலித்தியோனைட்டுக்கும் இடைப்பட்ட வரிசைக்கான பொதுப்பெயராக மட்டும் தங்கிவிட்டது. பக்கத்து வீட்டு ஜின்வால்டைட்டுக்கும் அதே முடிவு. 1845-இல் கனிமவியலாளர் ஹைடிங்கர் பெயரிட்டது; இப்போது இரும்பு மைக்காவான சிடெரோஃபிலைட்டுக்கும் பாலிலித்தியோனைட்டுக்கும் இடையிலான இருண்ட மைக்காக்களின் வரிசைப்பெயர்.

ஜின்வால்டைட்டைப் பற்றி நான் கொஞ்சம் பக்கச்சார்போடுதான் பேசுவேன், ஏனென்றால் நான் வசிப்பது சாக்சனியில். எர்ஸ்கபிர்கே மலைத்தொடரில் ஜெர்மனி, செக் எல்லையின் இருபுறமும் அதே தாதுப் பாறை ஓடுகிறது. இந்தப் பக்கம் ஜின்வால்ட், அந்தப் பக்கம் சீனோவெட்ஸ். நூற்றாண்டுகளாக வெள்ளீயத்துக்கும் டங்ஸ்டனுக்கும் தோண்டிய இடம். குவார்ட்ஸ் மேல் வெள்ளி கலந்த பழுப்பில் விசிறிபோல் விரியும் அந்த மைக்காவை அன்று கழிவு என்று தள்ளினார்கள். இன்று அதே மைக்காவின் லித்தியத்துக்காகத்தான் இருபுறமும் சுரங்கத் திட்டங்கள் நடக்கின்றன.

பயனர் 'சாந்தி ஸ்டோன்ஸ்'

லெப்பிடோலைட் மாலை அணிந்தால் மன அமைதி உறுதி, அதில் உள்ள லித்தியம் தோல் வழியாக இறங்கி

*(இந்தப் பதிவின் எஞ்சிய பகுதி நெறியாளரால் நீக்கப்பட்டது.)*

நெறியாளர்

விற்பனை இணைப்புகள் இங்கே வேண்டாம் என்று விதிகளில் முதல் வரியிலேயே இருக்கிறது.

நுண்படிகம்

நீக்கியதில் மகிழ்ச்சி, ஆனால் படித்தவர்கள் நம்பிவிடக்கூடாது என்பதால் ஒன்று. லித்தியம் மனநல மருந்து என்பது உண்மை. 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் பித்து நோய்க்கு அதைப் பயன்படுத்திக் காட்டினார். ஆனால் அது கரையக்கூடிய லித்தியம் உப்பு, இரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் மருந்து. மைக்காவின் லித்தியம் சிலிக்கேட் அடுக்குக்குள் பூட்டப்பட்டது. அதை வெளியே எடுக்கத் தொழிற்சாலைகள் கல்லைப் பொடித்து, உப்புகளோடு சேர்த்து உலையில் வறுத்து, பிறகு கரைசலில் இறக்குகிறார்கள். கழுத்து வியர்வைக்கு அது இறங்கி வராது. மருந்து உட்கொள்பவர் யாராவது இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் விளைவு மோசமாகும்.

ஒளிர்கல்

இவ்வளவு பேசியும் யாரும் புற ஊதா விளக்கைப் பற்றிச் சொல்லவில்லையே! மோன் செயின்ட் ஹிலேர் பாலிலித்தியோனைட்டுக்குக் குற்றலை (குறுகிய அலைநீளப் புற ஊதா) விளக்கில் வெளிர் மஞ்சள் ஒளிர்வு உண்டு. அங்கே சேகரித்தவர்கள் இருட்டில் விளக்கோடு சுற்றியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பனிமலை, கவனிக்க வேண்டியவை. 254 நானோமீட்டர் விளக்கு வேண்டும். கடைகளில் பணத்தாள் பார்க்க வைத்திருக்கும் நெட்டலை விளக்கில் ஒன்றும் தெரியாமல் போகலாம், அதை வைத்து "ஒளிரவில்லை" என்று முடிவு கட்டாதீர்கள். கல்லைப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். சாதாரணக் கண்ணாடியும் பெரும்பாலான பிளாஸ்டிக் மூடியும் குற்றலையைத் தடுத்துவிடும். அதே காரணத்தால் நீங்கள் கண்ணுக்கு ஒரு நல்ல பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வெறும் கண்ணால் விளக்கைப் பார்க்காதீர்கள். அறை முழு இருட்டாக இருக்கட்டும், கண் பழகச் சில நிமிடங்கள் காத்திருங்கள். இது சோடலைட்போலக் கத்தி அழைக்கும் ஒளிர்வு இல்லை, அடங்கிய ஒளிர்வு.

ஒரே எச்சரிக்கை: அதே குழிகளில் வேறு பலவும் ஒளிரும். ஒளி தகட்டிலிருந்து வருகிறதா, தகட்டின் மேல் படிந்த துகளிலிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

கல்லுளிமங்கன்

விளக்கு கிடைக்கும்வரை இன்னொரு வழி, பழையது. பெட்டியின் அடியில் உதிர்ந்து கிடக்கும் துணுக்கு ஒன்று இருக்கும், மைக்காக் கல் என்றால் கட்டாயம் இருக்கும். இடுக்கியில் பிடித்து எரிவாயுச் சுடரின் ஓரத்தில் காட்டுங்கள். மஸ்கோவைட் அசையாது, வெளுக்கும், அவ்வளவுதான். லித்தியம் மைக்கா சீக்கிரம் பொங்கி உருகும், சுடர் செந்நிறமாகும். அங்கே சோடியம் கனிமங்கள் அதிகம் என்பதால் மஞ்சள் சுடர் சிவப்பை விழுங்கிவிடும். மாணவர்கள் வைத்திருக்கும் சிறு நிறமாலைமானி வழியாகப் பார்த்தால் சோடியம் மஞ்சளில் தனியாக, லித்தியம் கடுஞ்சிவப்பில் தனியாக நிற்கும். நுண்படிகம் சொன்ன அதே 670.8.

இந்த முறைக்கு ஒரு பெருமை உண்டு. 1861-இல் ஜெர்மன் விஞ்ஞானிகள் புன்சனும் கிர்ச்சாஃபும் லெப்பிடோலைட்டை இப்படித்தான் ஆராய்ந்தார்கள். அவர்கள் எதிர்பாராத இரண்டு அடர்சிவப்புக் கோடுகள் நிறமாலையின் விளிம்பில் தெரிந்தன. ரூபிடியம் என்ற தனிமம் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. அதன் சேர்மத்தைப் பிரித்தெடுக்க 150 கிலோ லெப்பிடோலைட்டைக் கரைத்தார்கள். அதில் ரூபிடியம் ஆக்சைடு 0.24 சதவீதம்தான். இன்று நாம் ஒரு துணுக்கை எரிக்கவே யோசிக்கிறோம்.

ஊதாப்பிரியன்

சரி, பாலிலித்தியோனைட்டின் பூர்வீகம் இந்தக் கியூபெக் மலைதானா?

கல்லுளிமங்கன்

இல்லை. தெற்குக் கிரீன்லாந்தின் இலிமாவுசாக் ஊடுருவல். நார்சாக் ஊருக்குப் பக்கம், காங்கர்லுவார்சுக் பகுதி. வயது ஏறத்தாழ 116 கோடி ஆண்டுகள். மோன் செயின்ட் ஹிலேர் அதற்கு முன் நேற்றுப் பிறந்த குழந்தை. டென்மார்க்கின் ஜோஹன்னஸ் லோரென்சன் 1884-இல் இந்த மைக்காவைத் தனி இனமாக விவரித்தார். அதே ஆண்டு இறந்தும் போனார், வயது முப்பதைத் தொடவில்லை. பின்னால் லோரென்செனைட் என்ற கனிமத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இரண்டு இடத்துக் கற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீங்கள் எதை வாங்கியிருக்கிறீர்கள் என்பது புரியும். கிரீன்லாந்துக் கல்லில் பெரும்பாலும் வெள்ளை அல்லது இளம்பச்சைத் தகடுகள் பாறைக்குள் நெருங்கிப் பதிந்திருக்கும்; படிக முகம் தேடினால் கிடைப்பது கஷ்டம். தஜிகிஸ்தானின் தராய்-பியோஸிலும் பாலிலித்தியோனைட் உண்டு, பெரிய பெரிய தகடுகள், ஆனால் சோக்டியனைட், ரீட்மெர்ஜ்னரைட் என்ற கனிமங்களுக்கு நடுவே துணை நடிகராகத்தான் வரும். குழிக்குள் தனித்து நிற்கும் முழு அறுகோணம் வேண்டுமென்றால் மோன் செயின்ட் ஹிலேர்தான். அதனால்தான் என் கண்ணுக்குப் பனிமலையின் கல் ஊதாப்பிரியனின் மொத்த அலமாரியைவிடச் சுவாரசியமானது. சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளட்டும்.

ஊதாப்பிரியன்

கோபமில்லை ஐயா. அலமாரியைப் பூட்டிவிட்டேன், அவ்வளவுதான்.

இதைவிட அரிதான லித்தியம் மைக்கா ஏதாவது உண்டா? அதுவும் வெள்ளைதானா?

நுண்படிகம்

கறுப்பே உண்டு. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், கிரென்ஃபெல் அருகே ஹோஸ்கின்ஸ் மாங்கனீசுச் சுரங்கத்தின் நாரிஷைட், 1989-இல் விவரிக்கப்பட்டது. லித்தியத்தோடு மூன்று மின்னூட்ட மாங்கனீசு. மைக்காவில் வழக்கமாக இருக்கும் ஹைட்ராக்சிலோ புளோரினோ கிடையாது, அந்த இடத்தில் வெறும் ஆக்சிஜன். பளபளக்கும் கறுப்புத் தகடு. பார்த்தால் சாதாரணக் கறுப்பு மைக்காவான பயோடைட் என்று தள்ளிவிட்டுப் போய்விடுவீர்கள். இத்தாலியில் லிகூரியாவின் செர்கியாரா சுரங்கத்தில் பலெஸ்ட்ராய்ட், அது வெனேடியம் கொண்ட வெளிர் மஞ்சள் லித்தியம் மைக்கா. ஆனால் நுண்ணோக்கி இல்லாமல் அதைப் பார்த்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. ஜப்பானின் தனகாமியாமாவில் மசுதோமிலைட், 1976-இல் அறிவிக்கப்பட்டது, மாங்கனீசு மிகுந்தது, வெளிறிய ஊதா கலந்த இளஞ்சிவப்பு. உங்களுக்கு ஏற்றது அதுதான்.

பனிமலை

விளக்குப் பரிசோதனை முடிந்தது! இங்குள்ள கனிமக் கழக நண்பர் ஒருவர் குற்றலை விளக்கைக் கொண்டுவந்தார்.

பெரிய தகடுகள் எல்லாம் மங்கலான எலுமிச்சை மஞ்சளில் ஒளிர்ந்தன. தகட்டின் முழுப் பரப்பும் சீராக ஒளிர்ந்தது, துகள் துகளாக அல்ல. ஓரங்களில் அடுக்குகள் பிரிந்த இடத்தில் கோடு கோடாகச் சற்றுப் பிரகாசம். ஆனால் அடியில் இருக்கும் அந்த இளஞ்சிவப்புச் சிறு தகடுகள் ஒளிரவே இல்லை. விளக்கை நெருக்கமாக வைத்தும் இருட்டுதான்.

உதிர்ந்த துணுக்கு ஒன்றைச் சுடரிலும் காட்டினேன். பொங்கி உருண்டையாகிவிட்டது. முதலில் மஞ்சள், பிறகு ஓரத்தில் சிவப்பு. நிறமாலைமானி இல்லை.

ஒளிர்கல்

பெரிய தகடுகளைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. ஒளிராதவை வேறு மைக்காவாக இருக்கலாம், அல்லது அதே மைக்காவில் மாங்கனீசோ இரும்போ கூடி ஒளியை அணைத்திருக்கலாம். கண்ணால் பிரிக்க முடியாது.

நுண்படிகம்

அதைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன். உதிர்ந்த துணுக்குகளில் இளஞ்சிவப்பு ஏதாவது இருந்தால் மட்டும் பேசுவோம். நிற்கும் தகட்டைப் பிடுங்க வேண்டாம். ஓர் உப்பு மணியளவு போதும். மக்னீசியம் வந்தால் டைனியோலைட். வராவிட்டால் ஐயா சொன்ன மாங்கனீசுக் கதை.

கழுவுவதைப் பற்றியும் ஒரு சொல். மீயொலிக் குளியல் வேண்டவே வேண்டாம், அடுக்குகள் பிரிந்து உங்கள் கொத்து தூளாகிவிடும். அமிலமும் வேண்டாம். குழியில் நாட்ரோலைட்டோ அனல்சைமோ இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கூழாகிவிடும். நீரிலும் ஊறப்போடாதீர்கள், தாள்களுக்கு நடுவே போகும் அழுக்கு நீர் வெளியே வராது. கேமராவுக்குத் தூசி ஊதும் ரப்பர் குமிழ் இருக்கிறதே, அதைத் தொலைவிலிருந்து பயன்படுத்துங்கள்.

கல்லுளிமங்கன்

லேபிள் விஷயம். பழைய லேபிளைத் தூக்கி எறியாதீர்கள், அதில் எதையும் திருத்தவும் செய்யாதீர்கள். புட்ரெட் குவாரியில் 2007-இல் சேகரிப்பாளர்களுக்கு வழி அடைபட்டது. மலையின் மற்றொரு பெரும்பகுதி மெக்கில் பல்கலைக்கழகத்தின் கால்ட் இயற்கைக் காப்பகம், அங்கே கல் பொறுக்கக் கூடாது. அந்தக் குவாரியின் பெயர் எழுதிய பழைய தாள்தான் உங்கள் கல்லின் பிறப்புச் சான்று. புதிய லேபிளில் "பாலிலித்தியோனைட், எகிரின், ஆல்பைட், குற்றலையில் மஞ்சள், அடியில் ஒளிராத இளஞ்சிவப்பு மைக்கா, பகுப்பாய்வு ஆகவில்லை" என்று எழுதிப் பழையதோடு சேர்த்து வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள். இன்றைய தேதி போடுங்கள்.

படமெடுக்கும்போது விளக்கை நேரே வைக்காமல் தகட்டுக்குச் சாய்வாக வைத்தால் முத்து மினுக்கமும் ஓரத்துப் பச்சையும் சேர்ந்து வரும்.

பனிமலை

அப்படியே எழுதி வைத்துவிட்டேன் ஐயா. அக்கா, பெட்டியின் மூலையில் இளஞ்சிவப்புத் துணுக்கு இரண்டு கிடைத்திருக்கிறது. ஒன்றின் மேல் சிறிய எகிரின் ஊசி ஒட்டியிருக்கிறது, அது பரவாயில்லையா? முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

நுண்படிகம்

ஊசி இருந்தால் இன்னும் நல்லது, அளவுத்திருத்தம் சரியா என்று பார்க்க உதவும். அனுப்பிவிட்டேன், தனிச்செய்தியைப் பாருங்கள். கருவியில் எனக்கு முறை வர அடுத்த மாதம் ஆகும்.

ஊதாப்பிரியன்

முடிவு வந்ததும் இந்த இழையிலேயே போடுங்கள். அந்த இளஞ்சிவப்பு எதுவாக இருந்தாலும் எனக்கு ஒரு துணுக்கு.